சாவா மூவாப் பணம்

பென்ஷன் வாங்குகிற நம் எல்லோருக்கும் நவம்பர் மாதம் ஒரு வேலை உண்டு. நாம் உயிரோடு இருக்கிறோம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். புதுச்சேரியில் பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் சொல்தாக்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் இதே கதைதான். அவர்கள் அதை 'செர்த்திஃபிகா தெ வீ' என்பார்கள். கருவூலத்தில் எழுத்தராக இருந்த காலத்தில் இப்படிப்பட்ட தாள்களைக் கட்டுக்கட்டாகப் பார்த்தவன் நான். ஒருவர் 40 வருடம் தொடர்ந்து இந்தத் தாளைக் கொடுத்தால், அதிகாரி ஒருமுறை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பிறந்த தேதியைச் சரிபார்ப்பார். 400 வருடம் கொடுத்தால் என்ன ஆகும்?

கேள்வி விளையாட்டாகத் தோன்றலாம். ஆனால் சாகாத ஒருவன் பணத்தை எப்படிச் சேர்ப்பான், எப்படிக் காப்பான், எப்படிச் செலவழிப்பான் என்று யோசித்துப் பார்த்தால், பணம் என்பது என்ன என்ற கேள்விக்கே அது நம்மைக் கொண்டுபோய் விடுகிறது. வரலாற்றில் இதற்கு உண்மையான பதில்களும் இருக்கின்றன. என் பள்ளிப் படிப்பு பிரெஞ்சில் என்பதால் பெரும்பாலும் பிரான்சு தேசத்துச் சங்கதிகளையே சொல்கிறேன்.

முதலில் இரத்தக் காட்டேரியையே எடுத்துக்கொள்வோம். அந்தக் குலத்தில் உலகப் புகழ் பெற்றவன் டிராகுலா பிரபு. அயர்லாந்துக்காரரான பிராம் ஸ்டோக்கர் 1897-ல் வெளியிட்ட நாவலின் நாயகன். அவனுடைய மலைக்கோட்டையில் ஓர் அறையின் மூலையில் தங்கக் காசுகள் குவிந்து கிடக்கும். ரோமானியக் காசு, ஆங்கிலேயக் காசு, ஆஸ்திரிய, ஹங்கேரிய, கிரேக்க, துருக்கிக் காசு என்று எல்லா அரசும் அங்கே உண்டு. எதுவும் 300 வருடத்துக்குக் குறைந்த பழமை இல்லை. எல்லாவற்றின் மேலும் தூசு படிந்திருக்கும்.

ஸ்டோக்கர் இங்கே ஒரு நல்ல விஷயத்தைக் கவனித்திருக்கிறார். தங்கம் சாகாது, ஆனால் குட்டியும் போடாது. மூலையில் கிடந்த தங்கம் 300 வருடம் கழித்தும் அதே எடைதான். அதைச் செலவழிக்க வேண்டும் என்றால் உயிருள்ள மனிதர்களிடம் போக வேண்டும். லண்டனில் வீடு வாங்க டிராகுலா என்ன செய்கிறான்? வக்கீலுக்குக் கடிதம் எழுதுகிறான். பத்திரங்களை எடுத்துக்கொண்டு ஓர் இளம் வக்கீல் அவனிடம் வருவதில்தான் கதையே தொடங்குகிறது. ஒருவரே பல வக்கீல்களை வைத்துக்கொள்ளலாமா என்றும் பிரபு கேட்டு வைத்துக்கொள்கிறான். எந்த ஒரு வக்கீலுக்கும் முழு விவரம் தெரியக்கூடாது அல்லவா! பேய்க்கும் பத்திரப் பதிவு தேவைப்படுகிறது என்பதைப் படித்தபோது ஓர் எழுத்தராக எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

கதையை விட்டு நிஜத்துக்கு வருவோம். 15-ஆம் லூயி மன்னனின் அரசவையில் சேன் ழெர்மேன் பிரபு என்று ஒருவர் இருந்தார். அவருக்குச் சாவே இல்லை, வயது பல நூறு என்று பாரிஸ் முழுக்கப் பேச்சு. அவருடைய பணம் எங்கிருந்து வருகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. உண்மையில் அவர் ஒரு புரவலரிடமிருந்து இன்னொரு புரவலரிடம் போய்க்கொண்டே இருந்தவர். மன்னர் அவருக்கு ஷம்போர் அரண்மனையில் சாயத் தொழில் செய்ய இடம் கொடுத்தார். கடைசியில் ஜெர்மன் இளவரசர் ஒருவரின் ஆதரவில் இருந்தபோது 1784-ல் காலமானார். இறப்பும் முறையாகப் பதிவாகியிருக்கிறது. சாகாதவர் என்ற பெயரே அவருக்கு மூலதனமாக இருந்தது. செலவு மட்டும் அடுத்தவர் கணக்கில்.

அந்தப் பதிவேடு என்பது காட்டேரிக்குப் பெரிய சங்கடம். பிரான்சில் 1792-லிருந்து பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் அரசே எழுதி வைக்கிறது. நம் ஊர் 'மெரி'யில் எத்தா சிவில் பதிவைத் தேடி அலைந்தவர்களுக்கு அந்தப் பதிவேட்டின் கண்டிப்பு தெரியும். சாகாதவன் 60 வருடத்துக்கு ஒருமுறை செத்ததாகக் கணக்குக் காட்டி, தானே தனக்கு மகனாகி, தன் சொத்துக்குத் தானே வாரிசாக வேண்டும். அங்கே இன்னொரு பூதம் காத்திருக்கிறது: வாரிசு வரி. பிரான்சில் 1901 முதல் சொத்து கூடக் கூட இந்த வரியின் வீதமும் கூடும். ஒவ்வொரு முறையும் கால் பங்கு வரிக்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து முறை 'செத்தால்' முதலில் இருந்ததில் நாலில் ஒரு பங்குகூட மிஞ்சாது. சாகாமல் இருப்பது இலவசம், சாவதுதான் செலவு.

சரி, செத்ததாகக் காட்டாமல், வாழ்ந்துகொண்டே இருப்பதையே வருமானமாக்க முடியாதா? முடியும். அதற்குப் பிரெஞ்சில் 'வியாழே' என்று பெயர். வயதான ஒருவர் தன் வீட்டை நொத்தேர் முன்னிலையில் விற்கிறார். வாங்குபவர் மொத்தமாகப் பணம் தராமல், விற்றவர் உயிரோடு இருக்கும் வரை மாதாமாதம் ஒரு தொகை தருகிறார். விற்றவர் சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் வாங்கியவருக்கு இலாபம்; நீண்ட நாள் வாழ்ந்தால் நட்டம்.

இதன் உச்சம் ஆர்ல் நகரத்து ழான் கல்மான் அம்மையார். 1965-ல், தன் 90-ஆவது வயதில், தன் வீட்டை இப்படி எழுதிக் கொடுத்தார். வாங்கியவர் 47 வயது நொத்தேர் ஒருவர். மாதம் 2,500 பிராங்கு. கணக்குத் தெரிந்த நொத்தேருக்கு இது நல்ல வியாபாரமாகத் தெரிந்திருக்கும். அவர் 30 வருடம் கட்டினார். 1995-ல் அவர் இறந்தார். அம்மையார் இறக்கவில்லை. நொத்தேரின் மனைவி தொடர்ந்து கட்டினார். வீட்டின் விலையைப்போல் இரு மடங்குக்கு மேல் கட்டி முடித்த பிறகு, 1997-ல் 122 வயதில் அம்மையார் காலமானார். பிறகு 2018-ல் ரஷ்ய ஆய்வாளர்கள் சிலர், இறந்தவர் தாயல்ல, தாயின் பெயரில் வாழ்ந்த மகள் என்று கிளப்பினார்கள். பிரெஞ்சு ஆய்வாளர்கள் ஆவணங்களைக் காட்டி அதை மறுத்தார்கள். நீண்ட நாள் வாழ்ந்தால் சந்தேகமும் கூடவே வரும் என்பதற்கு இதுவே சாட்சி.

அதற்கு 200 வருடம் முன்பே வொல்தேர் இந்த வித்தையில் தேர்ந்தவர். எந்நேரமும் உடம்பு சரியில்லை, இன்றோ நாளையோ என்று சொல்லிக்கொண்டே பிரபுக்களுக்குக் கடன் கொடுத்து, ஆயுள் வரை ஆண்டுத்தொகை வாங்கினார். நோயாளி என்று நம்பியவர்கள் 83 வயது வரை அவருக்குக் கட்டினார்கள்.

ஆனால் தனிமனிதரிடம் வாங்குவது சில்லறை வியாபாரம். சாகாதவன் அரசாங்கத்திடம் போக வேண்டும். அங்கேதான் என்னை மிகவும் ஆச்சரியப்பட வைத்த நிகழ்ச்சி வருகிறது.

18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரெஞ்சு மன்னருக்குப் போர்களுக்காகக் கடன்மேல் கடன் தேவைப்பட்டது. ஆயுள் பத்திரம் விற்றார்கள். பத்திரம் வாங்குபவர் ஒருவரின் பெயரைக் குறிப்பிடுவார். அந்த 'தலை' உயிரோடு இருக்கும் வரை ஆண்டுதோறும் நூற்றுக்குப் பத்து வீதம் பணம் வரும். குறிப்பிடும் தலை பணம் போட்டவராகவே இருக்க வேண்டும் என்பதில்லை. இதில் பெரிய ஓட்டை என்னவென்றால், வயது பார்க்கவில்லை. 70 வயதுக் கிழவருக்கும் 7 வயதுக் குழந்தைக்கும் ஒரே வீதம்!

ஜெனீவா நகரத்து வங்கியர்கள் இதைக் கண்டுகொண்டார்கள். நல்ல ஆயுள் உள்ள குடும்பங்களில் பிறந்த, அம்மை வந்து பிழைத்த, ஆரோக்கியமான சிறுமிகளாகப் பார்த்து மருத்துவர்களை வைத்துப் பொறுக்கினார்கள். பெண்கள் ஆண்களைவிட நீண்ட நாள் வாழ்வார்கள் என்பதும் அவர்களுக்குத் தெரியும். இப்படி 30 சிறுமிகளின் தலைமேல் பத்திரங்களை வாங்கி, அதைப் பங்கு போட்டு ஊர் மக்களுக்கு விற்றார்கள். இவர்களுக்கு 'ஜெனீவாவின் சாகாத முப்பது பேர்' என்றே பெயர் வந்துவிட்டது. ஒரு சிறுமிக்குக் காய்ச்சல் என்றால் ஊரே கவலைப்படும். மருத்துவர் ஓடி வருவார். பாவம், அந்தக் குழந்தை நலம் பெற வேண்டும் என்று எத்தனை முதலாளிகள் வேண்டிக்கொண்டிருப்பார்கள்!

கணக்கைப் பாருங்கள். 7 வயதுச் சிறுமியின் பெயரில் 1,000 போட்டால் பத்து வருடத்தில் போட்ட பணம் திரும்பி வந்துவிடும். அவளுக்கு அப்போது 17 வயது. அவள் 67 வரை வாழ்ந்தால் இன்னும் 50 வருடம் ஆண்டுக்கு 100. இதுதான் உண்மையான காட்டேரி வேலை. இரத்தம் மட்டும் பிரான்சு தேசத்துக் கருவூலத்தின் இரத்தம். அந்தக் கருவூலத்தை நடத்திய நெக்கேரும் ஜெனீவாவிலிருந்து வந்த வங்கியர்தான்.

முடிவு என்ன ஆயிற்று? 1788-ல் பிரெஞ்சு அரசின் செலவில் ஏறத்தாழப் பாதி கடனுக்கும் வட்டிக்குமே போயிற்று. மிச்சத்தில் இராணுவம், அரண்மனை, நிர்வாகம் எல்லாம். புது வரி போட வேண்டும் என்றுதான் மன்னர் 1789-ல் எத்தா ழெனெரோ சபையைக் கூட்டினார். பிறகு நடந்தது நாம் பள்ளியில் படித்ததுதான். புரட்சி அரசு அசிஞா என்ற காகிதப் பணத்தை அச்சிட்டுத் தள்ளியது. அதன் மதிப்பு கரைந்தது. வட்டியும் அந்தக் காகிதத்திலேயே வந்தது. 1794-ல் ஆயுள் பத்திரங்களை வயதுவாரியாகத் திருத்தி எழுதினார்கள். 1797-ல் அரசுக் கடனில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சீக்கிரமே மதிப்பிழந்த சீட்டுகளைக் கொடுத்துக் கை கழுவினார்கள். ஜெனீவாவின் பெரிய வங்கிகள் விழுந்தன. பங்கு வாங்கியிருந்த சாதாரணக் குடும்பங்களும் சேர்ந்து விழுந்தன.

வங்கியர்கள் போட்ட ஆயுள் கணக்கு பொய்க்கவில்லை. சிறுமிகளில் பலர் முதுமை வரை வாழ்ந்தார்கள். செத்தது பணம் கொடுக்கிறவன்தான்! வாங்குகிறவன் ஆயுளை அவ்வளவு கவனமாகப் பார்த்தவர்கள், கொடுக்கிறவன் ஆயுளைப் பார்க்கவில்லை.

கூட்டு வட்டியை நம்பியவர்களின் கதையும் இதேதான். நூற்றுக்கு 5 வீதம் கூட்டு வட்டியில் 100 ரூபாய் 100 வருடத்தில் 13,150 ஆகும். 200 வருடத்தில் 17 இலட்சத்தைத் தாண்டும். இங்கிலாந்தில் ரிச்சர்ட் பிரைஸ் என்ற போதகர் 1772-ல் ஒரு கணக்குப் போட்டார். இயேசு பிறந்தபோது ஒரு பென்னியை 5 வீதத்துக்குப் போட்டிருந்தால், இன்று அது சொக்கத் தங்கத்தால் ஆன 15 கோடி பூமி உருண்டைகளுக்குச் சமமாகியிருக்கும் என்றார். ஒரு பூமி உருண்டைகூடத் தங்கமாகவில்லை என்பது நமக்குத் தெரியும்.

லியோன் நகரத்து மத்தோன் தெ லா கூர் 1785-ல் இதைக் கேலி செய்வதுபோல ஒரு கற்பனை உயில் எழுதினார். அதில் ஒரு கணக்கு வாத்தியார் 500 லீவ்ரை ஐந்து பங்காக்கி, 100 வருடம் முதல் 500 வருடம் வரை வட்டிக்கு விட்டு, கடைசியில் நாட்டுக் கடனையெல்லாம் தீர்த்து வைக்கிறார். அதைப் படித்த அமெரிக்கர் பெஞ்சமின் பிராங்ளின் நிஜமாகவே தன் உயிலில் பாஸ்டனுக்கும் பிலடெல்பியாவுக்கும் ஆளுக்கு 1,000 பவுண்டு எழுதி வைத்தார். இளம் கைவினைஞர்களுக்கு 5 வீத வட்டிக்குக் கடன் கொடுக்க வேண்டும். 100 வருடம் கழித்து ஒரு பகுதியைப் பொதுப் பணிக்கு எடுத்துவிட்டு, மீதியை மேலும் 100 வருடம் வளர்க்க வேண்டும். அவர் 1790-ல் இறந்தார். 200 வருட முடிவில் ஒவ்வோர் ஊருக்கும் 40 இலட்சம் பவுண்டு என்பது அவர் கணக்கு. 1990-ல் இருந்தது பாஸ்டனில் சுமார் 50 இலட்சம் டாலர். பிலடெல்பியாவில் சுமார் 20 இலட்சம் டாலர். சிலர் கடனைத் திருப்பவில்லை. தொழில்முறை மாறியதால் கடன் கேட்டு வருகிறவர்களும் குறைந்தார்கள். ஆனாலும் பணம் 200 வருடம் பிழைத்தது. காரணம், அதைப் பார்த்துக்கொள்ள ஒவ்வொரு தலைமுறையிலும் இரண்டு ஊர்கள் இருந்தன. மத்தோனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. புரட்சியின்போது 1793-ல் லியோனில் அவர் கொல்லப்பட்டார்.

இனி பிராங்கின் கதை. 1803-ல் நிர்ணயித்த தங்க அளவு 1914 வரை மாறவில்லை. பால்சாக் நாவல்களில் ஒருவருக்கு ஆண்டுக்கு இத்தனை ஆயிரம் பிராங்கு 'ராந்த்' என்று சொன்னால் போதும்; அவர் அந்தஸ்து முழுவதும் தெரிந்துவிடும். அந்த நிரந்தரப் பத்திரங்களை நம்பியே பெண்ணுக்குச் சீர் கொடுத்தார்கள், கிழவர்கள் காலம் தள்ளினார்கள். முதல் உலகப் போர் வந்தது. 1928-ல் பிராங்கின் தங்கம் பழைய அளவில் ஐந்தில் ஒரு பங்காயிற்று. மேலும் சரிந்து, 1960-ல் 100 பழைய பிராங்கு ஒரு புதிய பிராங்கு ஆனது. 2002-ல் பிராங்கு நோட்டும் காசும் புழக்கத்திலிருந்தே போய்விட்டன. டிராகுலா 1900-ல் பிரெஞ்சு ராந்த் வாங்கிப் பெட்டியில் வைத்துத் தூங்கியிருந்தால், கண் விழித்தபோது அந்த வட்டிக்கு ஒரு மெழுகுவர்த்தி வாங்குவதே சந்தேகம்.

அப்படியானால் நூற்றாண்டுகளைக் கடந்து வட்டி கொடுத்த பத்திரமே இல்லையா? இருக்கிறது. 1648-ல் ஹாலந்து தேசத்தில் லெக் ஆற்றங்கரையைப் பராமரித்த நீர் வாரியம், கரைப் பணிக்காக 1,000 கில்டர் கடன் வாங்கி ஆட்டுத்தோலில் பத்திரம் எழுதிக் கொடுத்தது. வட்டி நிரந்தரம், பத்திரத்தைக் கொண்டு வருபவருக்குக் கொடுக்கப்படும். பெயர் கேட்பதில்லை, வயது கேட்பதில்லை. காட்டேரிக்கென்றே எழுதியதுபோல! இன்று அந்தப் பத்திரம் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. 2015-ல் அவர்கள் அதை எடுத்துப் போய், அந்த வாரியத்தின் இன்றைய வாரிசான நீர் வாரியத்திடம் 12 வருட வட்டி பாக்கியை வாங்கினார்கள்: 136 யூரோ 20 சென்ட். ஆண்டுக்கு 11 யூரோ சொச்சம். ஆளுக்கு இரண்டு காப்பி குடிக்கலாம், அவ்வளவுதான். மன்னர்கள் கொடுத்த வாக்கு போயிற்று. ஒரு கரை வாரியம் கொடுத்த வாக்கு நிற்கிறது. ஏனென்றால் ஆறு இன்னும் ஓடுகிறது, கரை உடைந்தால் ஊர் மூழ்கும், ஆகவே வாரியம் சாக முடியாது.

இதை எழுதும்போது நம் கோயில் கல்வெட்டுகள் நினைவுக்கு வருகின்றன. சோழர் காலத்தில் ஒரு நந்தா விளக்கு எரிக்க 96 ஆடுகள் கொடுப்பார்கள். ஆட்டை ஏற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும், சந்திர சூரியர் உள்ள வரை. அந்த ஆடுகளுக்குக் கல்வெட்டில் என்ன பெயர் தெரியுமா? 'சாவா மூவாப் பேராடு'. சாகாத, மூப்படையாத ஆடு! கிழ ஆடு செத்தால் குட்டியை வைத்து எண்ணிக்கையை நிரப்ப வேண்டும் என்பதே பொருள். ஒவ்வோர் ஆடும் சாகும், மந்தை சாகாது. வட்டியும் காசாக இல்லாமல் நெய்யாக வருவதால் காசு மதிப்பிழந்தாலும் விளக்கு அணையாது. தஞ்சைப் பெரிய கோயிலில் ஆட்டை ஏற்ற இடையர் பெயரோடு, அவருக்குப் பொறுப்பேற்ற உறவினர் பெயரையும் பொறித்திருக்கிறார்கள். பாரிசிலும் ஜெனீவாவிலும் மறந்ததை, கொடுக்கிறவன் ஆயுளை, அவர்கள் கவனித்திருக்கிறார்கள். அந்த மந்தைகளும் இன்று இல்லை, உண்மைதான். ஆனால் யோசனை சரியான யோசனை.

பணம் தானாக வாழ்வதில்லை என்பதே இவ்வளவிலும் நான் கண்டது. ஒரு பழைய வாக்கைப் புதிய மனிதர்கள் தங்கள் வாக்காக ஏற்றுக்கொள்ளும் வரைதான் அது வாழ்கிறது. தனியாகக் கோட்டையில் படுத்திருக்கும் சாகாதவனுக்கு அப்படி யாரும் இல்லை. அவனுக்குத் தங்கமும் தூசும்தான். நமக்கு மாதம் பிறந்தால் வரும் பென்ஷனும் எங்கோ பூட்டி வைத்த பணம் என்று பலர் நினைக்கிறார்கள். கருவூலத்தில் உட்கார்ந்து பார்த்தவன் சொல்கிறேன்: நம்மில் பெரும்பாலோருக்கு அப்படி எந்தப் பெட்டியும் கிடையாது. இன்று வேலைக்குப் போகிறவர்கள், இன்று கடையில் பொருள் வாங்குகிறவர்கள் கொடுக்கும் வரிதான் அது. நம் பிள்ளைகள் வேலைக்காக வெளியூர் அலைவதைப் பார்க்கும்போது, அவர்கள் நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வதில் நம் சுயநலமும் கொஞ்சம் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.